மேற்குப் பார்த்த யன்னல்: வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். எதைப் போடலாம்?

நாலாம்மாடி (வெள்ளவத்தை)

வணக்கம். எங்கள் வீடு காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில். மகள் படிக்கிற அறையின் யன்னல் நேரே மேற்கு. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு மேசையில் வெயில் ஏறினால் பொழுதுபடும்வரை இறங்காது. இப்போது தொங்குவது வெள்ளை நெட் சீலை, வெயிலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தடித்த சீலையை இழுத்துவிட்டால் நாலு மணிக்கே லைற் போட வேண்டியிருக்கிறது. மின்சார பில் வருகிற வரத்து தெரியும்தானே.

கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மிரர் ஸ்டிக்கர் ஒட்டச் சொல்கிறான் தம்பி. பாத்ரூமுக்குப் போடுகிற மங்கல் ஸ்டிக்கர் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அன்ரி. கறுப்புக் கண்ணாடி மாற்றினால் எல்லாம் சரி என்கிறார் வேலைக்கு வந்து பார்த்த ஒருவர். எதிர்ப் பிளாட் கையெட்டும் தூரம், ஆகவே இரவில் மறைவும் வேண்டும்.

இதோடு இன்னொன்று. தரம் 6 விஞ்ஞானத்துக்கு வீட்டுப் பொருட்களை ஒளி ஊடுபுகவிடும், ஒளி கசியும், ஒளி ஊடுபுகவிடாத என்று மூன்றாகப் பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நெட் சீலையை எதில் போடுவது என்று மகள் கேட்கிறாள். உள்ளேயிருந்து பார்த்தால் ஒழுங்கை முழுக்கத் தெரிகிறது, கீழே நின்று பார்த்தால் அறைக்குள் ஒன்றும் தெரியவில்லை. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கடை (தெகிவளை)

அக்கா, மிரர் ஸ்டிக்கர் ஒட்ட முதல் இரவை ஒருக்கா யோசியுங்கள். கடைக்கு வருகிற முறைப்பாட்டில் முக்கால்வாசி இதுதான். பகலில் வெளியே வெளிச்சம் கூட, உள்ளே குறைவு. கீழே நிற்கிறவனுக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வானம்தான் தெரியும், உள்ளேயிருந்து வருகிற கொஞ்ச வெளிச்சம் அதில் அமுங்கிப் போய்விடும். இரவு ஏழு மணிக்கு நீங்கள் லைற் போட்டவுடன் எல்லாம் தலைகீழ். உங்களுக்கு உங்கள் முகம் தெரியும், எதிர்ப் பிளாட்காரருக்கு உங்கள் அறை தெரியும். ஒரு பக்கத்தால் மட்டும் வெளிச்சத்தை விடுகிற ஸ்டிக்கர் என்று உலகத்தில் ஒன்று இல்லை, விற்கிறவர்கள் என்ன சொன்னாலும் சரி. இரவில் சீலை இழுக்கத்தான் வேண்டும்.

மங்கல் ஸ்டிக்கர் மறைவுக்கு நல்லது. இரவிலும் மறைக்கும், ஆனால் யன்னலுக்குக் கிட்டப் போய் நின்றால் நிழலுரு தெரியும். வெயிலுக்கு அது மருந்தே இல்லை. வருகிற வெளிச்சத்தைச் சிதறடிக்குமே தவிர பெரிதாகக் குறைக்காது. நேர் வெயில் பட்டால் யன்னல் முழுக்க ரியூப் லைற் மாதிரி எரியும், பிள்ளைக்குக் கண் கூசும்.

கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைக் குடிக்கும். குடித்தது எங்கே போகும்? கண்ணாடி சுடும். ஐந்து மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள். அந்தச் சூட்டில் ஒரு பங்கு திரும்ப அறைக்குள்தான் வரும். பழைய கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது இன்னும் மோசம். நடுவில் சூடேறி, பிரேமுக்குள் இருக்கிற ஓரம் குளிராக இருந்தால், ஓரத்தில் ஒரு சின்னச் சிதைவு போதும், கீறல் ஓடிவிடும்.

சும்மா ஒருத்தன்

வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் இல்லையா? வரிசையாக ஒட்டினால் குடும்பத்தின் எலும்பு வரலாறும் தெரியும், வெயிலும் நிற்கும்.

தையல்மெசின் (கொட்டாஞ்சேனை)

நான் சீலை தைக்கிறவள், என் பக்கத்தையும் கேளுங்கள். தடித்த சீலை என்று நீங்கள் சொல்வது எந்தத் துணி? புறக்கோட்டையில் மெயின் வீதிக் கடைகளில் வெளிச்சமே விடாத பிளாக்அவுட் துணி என்று சொல்லி மூன்று நாலு விதம் கொடுப்பார்கள். உண்மையான பிளாக்அவுட் துணியின் பின்பக்கத்தில் மூன்று பூச்சு இருக்கும்: வெள்ளை, நடுவில் கறுப்பு, திரும்ப வெள்ளை. வெட்டின ஓரத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தால் நடுவில் கறுப்பு நூல் மாதிரி ஒரு கோடு தெரியும். கோடு இல்லாவிட்டால் அது வெறும் தடித்த பொலியெஸ்டர்தான். கடைக்காரர் கையால் தடவிக் காட்டுவதை விடுங்கள், போன் ரோர்ச்சைப் பின்னால் பிடியுங்கள். கறுப்புப் பருத்தித் துணி கூட நெசவு ஐதாக இருந்தால் சல்லடைக் கண்ணாட்டம் புள்ளி புள்ளியாக விடும். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

பிளாக்அவுட் சீலை தைத்துத் தொங்கவிட்ட பிறகு இன்னொரு வேடிக்கை. ஊசி குத்தின ஒவ்வொரு ஓட்டையாலும் வெளிச்சம் வரும். காலையில் பார்த்தால் மடிப்புத் தையல் நெடுக வெள்ளிப் புள்ளி வரிசை. அதனால்தான் நாங்கள் நடுவில் தையல் வராமல் அகலத் துணியாக எடுக்கச் சொல்கிறோம். சீலை எவ்வளவு நல்லதென்றாலும் பக்கத்தால் வருகிற வெளிச்சம்தான் ஆளைக் கொல்லும். யன்னலைவிட இரண்டு பக்கமும் ஆறு அங்குலமாவது கூட விடுங்கள்.

உங்களுக்குப் படிக்கிற அறை, ஆகவே பிளாக்அவுட் தேவையில்லை. வெள்ளை லைனிங் வைத்த பருத்திச் சீலை போடுங்கள். வெளிச்சமும் வரும், வெயிலும் தெறிக்கும்.

கண்ணாடிக்கடை

ரீச்சர் மாதிரி விளக்கம், நன்றி அக்கா. ஆனால் வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு சீலை என்ன செய்தாலும் சூடு உள்ளேதான். கண்ணாடிக்கு வெளியே மறிக்க வேண்டும், அல்லது கண்ணாடியிலேயே மறிக்க வேண்டும்.

தையல்மெசின்

அப்படியானால் கறுப்புச் சீலை போட்ட அறையும் வெள்ளைச் சீலை போட்ட அறையும் ஒரே சூடு என்கிறீர்களா தம்பி? எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன், இல்லவே இல்லை.

பௌதிகம் சேர் (பம்பலப்பிட்டி)

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெளிந்த கண்ணாடியில் வெளிச்சம் நேராகப் பட்டால் முன்பக்கத்தில் ஏறத்தாழ 4 சதவீதம் தெறிக்கும், பின்பக்கத்தில் இன்னொரு 4. மிச்சத்தில் பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். சாய்வாகப் பட்டால் தெறிப்பது கூடும்; 80 பாகைச் சாய்வில் ஒரு பக்கத்திலேயே 40 சதவீதத்துக்குக் கிட்டத் தெறித்துவிடும். மத்தியானச் சூரியன் உச்சியில் நின்று யன்னலை உரசிக்கொண்டு போகிறது, ஆகவே உள்ளே வருவது குறைவு. பின்னேரச் சூரியன் கண்ணாடிக்கு முகத்துக்கு நேரே நிற்கிறது. கொழும்பில் மேற்கு யன்னல் படுத்துகிற பாட்டுக்கு இதுதான் காரணம். மேலே கூரை நீட்டி விட்டாலும் பதிந்த வெயிலை அது மறிக்காது.

இப்போது சீலைக்கு வருவோம். வெள்ளை லைனிங்கில் பட்ட வெளிச்சம் வெளிச்சமாகவே திரும்புகிறது, வந்த வழியே கண்ணாடியால் வெளியே போய்விடுகிறது. கறுப்புச் சீலை அதை உறிஞ்சிச் சூடாகிறது. சூடான சீலை விடுகிற கதிர் கண்ணுக்குத் தெரியாத நெடிய செந்நிறக்கீழ்க் (இன்ஃப்ராரெட்) கதிர், அலைநீளம் 10 மைக்ரோன் அளவில் (ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கண்ணாடிக்கு அந்தக் கதிர் செங்கல் சுவர் மாதிரித்தான். ஏறத்தாழ 3 மைக்ரோனுக்கு மேல் சாதாரண யன்னல் கண்ணாடி கிட்டத்தட்ட எதையும் விடாது. உள்ளே வரவிட்டதை வெளியே விடாமல் மறிக்கிறது. ஆகவே வெள்ளை லைனிங் நல்லது, வெளியே மறிப்பது அதைவிட நல்லது.

பிள்ளையின் பட்டியலுக்கும் இது பொருந்தும். கண்ணாடி ஒளி ஊடுபுகவிடும் பொருள் என்று எழுதுகிறோம். எந்த ஒளிக்கு என்று கேட்டால்தான் சிக்கல். வெயிலில் நின்றால் தோலைச் சுடுகிற குறுகிய ஊதாக்கடந்த (அல்ட்ராவயலட்) கதிரைச் சாதாரணக் கண்ணாடி பெரும்பாலும் மறிக்கிறது, அதற்கடுத்த நீண்ட ஊதாக்கடந்த கதிரில் நிறையவே விடுகிறது. யன்னலோரச் செற்றியின் துணி வெளிறிப் போவதில் அதற்குப் பங்குண்டு. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்ரிக் தாள் வைத்து ஒட்டின லாமினேட்டட் கண்ணாடி அதையும் பெரும்பாலும் மறித்துவிடும்.

எக்ஸ்ரே பிலிம் பகிடி நல்லது, ஆனால் 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் சூரிய கிரகணத்தை அதால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கு இருட்டாகத் தெரிவதால் செந்நிறக்கீழ்க் கதிரும் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்கென்று செய்த வடிகட்டி, இல்லாவிட்டால் 14ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி. வேறு எதையும் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்.

நாலாம்மாடி

நன்றி சேர், நன்றி அக்கா. நெட் சீலை எந்தப் பட்டியல் என்று மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை. மகள் பின்னால் நிற்கிறாள்.

பௌதிகம் சேர்

நெட் சீலை என்பது துணி பாதி, ஓட்டை பாதி. ஓட்டை வெளிச்சத்தை அப்படியே விடுகிறது. நூல் வெள்ளை, ஆகவே பட்ட வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கிறது. வெளியே நிற்கிறவர் கண்ணுக்கு வெயில் பட்ட நூலின் வெண்மை பளிச்சென்று வருகிறது, ஓட்டைகளால் வருகிற அறையின் மங்கல் காட்சி அதில் காணாமல் போகிறது. உள்ளே இருப்பவருக்கு நூலில் படுகிற அறை வெளிச்சம் கொஞ்சம், ஓட்டையால் வருகிற வீதி வெளிச்சம் கூட. பட்டியலில் ஒளி கசியும் பொருள் என்றே எழுதச் சொல்லுங்கள், புள்ளி கிடைக்கும். பக்கத்தில் ஒரு வரி காரணமும் எழுதினால் நல்ல ரீச்சர் என்றால் கூடப் போடுவார்.

இதே காரணத்தால்தான் யன்னலுக்கு அடிக்கிற நுளம்பு வலை கறுப்பாக இருந்தால் வெளியே தெளிவாகத் தெரியும், வெள்ளையாக இருந்தால் பனிப்புகார் மூடினது மாதிரி இருக்கும். இரண்டும் ஒரே ஓட்டை, ஒரே நூல். கறுப்பு நூல் வெயிலைக் கண்ணுக்குத் திருப்பி அனுப்புவதில்லை.

அச்சுக்கூடம் (மருதானை)

கடதாசி எந்தப் பட்டியல்? இதை வைத்து நாங்கள் தினமும் சண்டை பிடிக்கிறோம். வாடிக்கையாளர் செலவைக் குறைக்க 60 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 60 கிராம்) தாள் கேட்பார், அடித்துக் கொடுத்தால் மற்றப் பக்கத்து எழுத்து தெரிகிறது என்று திருப்பி அனுப்புவார். தடிப்பு மட்டும் காரணமில்லை. ஒரே நிறையில் இரண்டு தாள் எடுத்தால் ஒன்று நன்றாக மறைக்கும், ஒன்று மறைக்காது. தாளுக்குள் போடுகிற வெள்ளைத் தூள்தான் வித்தியாசம். சுண்ணாம்புத் தூள் ஓரளவு மறைக்கும். டைட்டானியம் டையொக்சைட் போட்டால் மெல்லிய தாளே மறைத்துவிடும், விலையும் ஏறும். வேதப்புத்தகத்துக்கும் அகராதிக்கும் போடுகிற அந்த மெல்லிய தாளில் இரண்டு பக்கமும் அடித்து வாசிக்க முடிகிறதே, இதனால்தான். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்றிலும் அதுவே.

மறு பக்கம் ஒரு சங்கதி. பழைய டிசைன்காரர்கள் தாளில் கொஞ்சம் எண்ணெய் தடவி அதையே டிரேசிங் தாளாக்குவார்கள். வெள்ளைத்தாளில் ஒன்றையும் எடுக்கவில்லை, எண்ணெயைச் சேர்த்துத்தான் இருக்கிறோம். இருந்தும் கூட வெளிச்சம் போகிறது. ஏன் என்று சேர்தான் சொல்ல வேண்டும்.

பௌதிகம் சேர்

இந்த இழையில் எனக்கு மிகப் பிடித்த கேள்வி.

கடதாசி நார் தன்னளவில் ஏறத்தாழத் தெளிவானது. அதன் முறிவுச்சுட்டி, அதாவது வெளிச்சத்தை எவ்வளவு வளைக்கும் என்று காட்டுகிற எண், 1.5 அளவில். நார்களுக்கு இடையில் காற்று, அதற்கு 1. வெளிச்சம் காற்றிலிருந்து நாருக்குள் போகும்போதும் நாரிலிருந்து காற்றுக்கு வரும்போதும் ஒரு பங்கு தெறிக்கிறது, மிச்சம் வளைகிறது. ஒரு தாளுக்குள் இப்படி எத்தனையோ எல்லைகள். கடைசியில் வெளிச்சத்துக்குத் திசையே மறந்துபோகிறது. பெரும்பகுதி வந்த பக்கமே திரும்புகிறது, நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. தேங்காயெண்ணெயின் முறிவுச்சுட்டி 1.45 அளவில், நாருக்குக் கிட்ட. எண்ணெய் போய் அந்தக் காற்றிடங்களை நிரப்பினால் எல்லைகள் வெளிச்சத்தின் கண்ணுக்கு மறைந்துபோகின்றன. ரோல்ஸ் சுற்றித் தருகிற பேப்பரில் எண்ணெய் ஊறின இடம் தெளிவாகத் தெரிவது அதனால்தான். தண்ணீருக்கு 1.33, ஆகவே ஈரத்தாள் கொஞ்சம்தான் தெளியும். மழையில் நனைந்த வெள்ளைச் சேட் உடம்போடு ஒட்டித் தெரிவதும் இதே விஷயம்.

டைட்டானியம் டையொக்சைட்டுக்கு 2.6க்கு மேல். நாருக்கும் அதற்கும் வித்தியாசம் கூட, சிதறலும் கூட. அச்சுக்கூடம் அண்ணை சொன்னதற்கு விடை அதிலேயே இருக்கிறது.

மகளுக்குச் செய்து காட்டக்கூடிய ஒன்று: பாத்ரூம் யன்னலில் மங்கல் கண்ணாடி இருந்தால் சொரசொரப்பான பக்கத்தில் ஒரு துண்டு செலோடேப்பை நன்றாக அழுத்தி ஒட்டச் சொல்லுங்கள். அந்தத் துண்டளவுக்கு வெளியே தெளிவாகத் தெரியும். பசை போய்ப் பள்ளங்களை நிரப்பிவிட்டது. வழுவழுப்பான பக்கத்தில் ஒட்டினால் ஒன்றும் நடக்காது. பாத்ரூம் கண்ணாடி எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று கட்டும்போதே பார்க்க வேண்டும், உள்ளே இருந்தால் தண்ணீர் பட்டதும் மறைவு குறையும். இது கண்ணாடிக்கடைத் தம்பிக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணாடிக்கடை

தெரியும் சேர், தெரியாமல் மாட்டி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடற்கரைப் பக்கம் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மேற்கு யன்னல்களில் உப்புப் படியும். காலையில் கண்ணாடி தெளிவாக இருப்பதாகவே தெரியும். பின்னேரம் வெயில் நேரே பட்டதும் முழுக் கண்ணாடியும் பால் ஊற்றினது மாதிரி வெளுத்துப்போகும், வெளியே கடல் தெரியாது. கண்ணாடி பழுதாகிவிட்டது, மாற்றித் தாருங்கள் என்று போன் வரும். நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்தால் சரி. காய்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல் கீறி, பிறகு எந்தத் தண்ணீருக்கும் போகாத மங்கல் வந்துவிடும்.

சும்மா ஒருத்தன்

சேர், ஏசி அறையில் வைத்த தேங்காயெண்ணெய்ப் போத்தல் காலையில் வெள்ளைக் கட்டி. வெளியே வைத்தால் தண்ணீர் மாதிரித் தெளிவு. ஒரே எண்ணெய் எந்தப் பட்டியல்?

பௌதிகம் சேர்

ஏறத்தாழ 24, 25 பாகைக்குக் கீழே அது உறையத் தொடங்கும். சின்னச் சின்னப் பளிங்குகளாக உறைவதால் உள்ளே எங்கும் எல்லைகள், வெளிச்சம் சிதறுகிறது. உப்பும் அப்படி. பெரிய உப்புப் பரல் ஒன்றை எடுத்துப் பார்த்தால் கண்ணாடி. அதையே அம்மியில் அரைத்தால் வெள்ளைத் தூள். பட்டியலில் எழுதும்போது எண்ணெய் என்று மட்டும் எழுதாமல் உருகினதா உறைந்ததா என்றும் எழுத வேண்டும்.

கூடுகட்டி (கொம்பனித்தெரு)

இதைப் பார்த்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஒழுங்கையில் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று எல்லாப் பெடியன்களும் சேர்ந்துதான் வெசாக் கூடு கட்டுவோம். டிசு பேப்பரா ஒயில் பேப்பரா என்று ஒவ்வொரு மே மாதமும் வாக்குவாதம். டிசு பேப்பர் போட்டால் உள்ளே இருக்கிற பல்ப் தெரியாது, கூடு முழுக்க ஒரே சீராக ஒளிரும். ஒயில் பேப்பர் போட்டால் நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் நடுவில் பல்ப் ஒரு பொட்டாக முழிக்கும், மூங்கில் கம்பு, வயர், கட்டின நூல் எல்லாம் நிழலாக விழும். நான் டிசு கட்சி.

எனக்குக் கனகாலமாக விளங்காத ஒன்று, நீலக் கூடு. மெழுகுதிரி வைத்தால் சிவப்பும் மஞ்சளும் அள்ளிக் கொட்டும், நீலம் மட்டும் செத்துப்போய் நிற்கும். எல்ஈடி பல்ப் போடத் தொடங்கின பிறகு நீலம் உயிர் பெற்றுவிட்டது. பேப்பர் அதே பேப்பர்தான்.

பௌதிகம் சேர்

நீலத்தாள் நீல நிறத்தை உண்டாக்குவதில்லை தம்பி, வருகிறதில் நீலத்தை விட்டு மற்றதை உறிஞ்சுகிறது. மெழுகுதிரிச் சுடர் ஏறத்தாழ 1,900 கெல்வின் வெப்பநிலைக்குரிய வெளிச்சம், அதில் நீலம் மிகக் குறைவு. விடுவதற்குச் சரக்கே இல்லாதபோது தாள் என்ன செய்யும்? வெள்ளை எல்ஈடி என்பது அடியில் ஒரு நீல எல்ஈடி, மேலே மஞ்சள் பூச்சு. அதில் நீலம் தாராளம்.

சிவப்புத் தாளுக்கு மேல் பச்சைத் தாளை ஒட்டிப் பாருங்கள். இரண்டும் தனித்தனியே வெளிச்சம் விடும், சேர்ந்தால் கிட்டத்தட்ட இருட்டு. பட்டியல்காரப் பிள்ளைக்கு இதுவும் ஒரு நல்ல வரி.

நாலாம்மாடி

மகள் இப்போது போன் ரோர்ச்சில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அம்மா, நான் எந்தப் பட்டியல்?" என்கிறாள்.

நேர்ஸ் அன்ரி

நீ ஒளி கசியும் பிள்ளை, ஆனால் சிவப்பு ஒளிக்கு மட்டும். இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் பச்சையையும் நீலத்தையும் நன்றாக உறிஞ்சிவிடும், சிவப்பைப் போக விடும். வார்டில் நோயாளியின் விரலில் மாட்டுகிற கிளிப் இதை வைத்துத்தான் வேலை செய்கிறது. அதற்குள் இரண்டு வெளிச்சம்: ஒன்று 660 நனோமீற்றர் சிவப்பு, மற்றது 940 நனோமீற்றர் அளவில் கண்ணுக்குத் தெரியாதது. ஒட்சிசன் ஏற்றின இரத்தம் இரண்டையும் ஒரு விகிதத்தில் விடும், ஏற்றாத இரத்தம் வேறு விகிதத்தில் விடும். அந்த விகிதத்திலிருந்து சதவீதம் வருகிறது. நகத்துக்குத் தடித்த கியூரெக்ஸ் பூசிக்கொண்டு வந்தால் வாசிப்புப் பிழைக்கலாம், அதனால்தான் துடைக்கச் சொல்கிறோம். சும்மா கரைச்சல் கொடுக்கவில்லை.

செட்டியார்தெரு

ஒருவரும் உலோகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. கடதாசியை எவ்வளவு தடிப்பாக்கினாலும் கொஞ்சம் கசியும், சொக்லேற் சுற்றுகிற அலுமினியத் தாள் தலைமயிரை விட மெல்லியது, ஒரு பொட்டு விடாது. ஆனால் அதற்கும் ஒரு கரை உண்டு. கோயில் வேலைக்கு வருகிற தங்க ரேக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மூச்சு விட்டால் பறக்கும், அவ்வளவு மெல்லிசு, மைக்ரோனில் பத்தில் ஒரு பங்கு. மேலே பார்த்தால் மஞ்சள், ஊடாகப் பார்த்தால் நீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம். முதல்முறை பார்க்கிறவர்கள் இது தங்கமே இல்லை என்று சண்டைக்கு வருவார்கள்.

பௌதிகம் சேர்

அருமை. தங்கம் மஞ்சளையும் சிவப்பையும் தெறிக்க விடுகிறது, மிச்சத்தில் கொஞ்சம் ஊடாக வருகிறது. செந்நிறக்கீழ்க் கதிரை இன்னும் நன்றாகத் தெறிக்க விடும். விண்வெளி வீரர்களின் தலைக்கவச முகமூடியில் மெல்லிய தங்கப் பூச்சு இருப்பது அதற்காக.

நாலாம்மாடி கேட்ட கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. நிலத்துக்கு வருகிற வெயிலின் சக்தியில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர். அதை மட்டும் மறித்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிறதை விடுகிற கண்ணாடியும் ஸ்டிக்கரும் உண்டு. சிலவற்றில் மிக மெல்லிய வெள்ளிப் படைகள் வைத்துச் செய்கிறார்கள். பார்த்தால் ஏறத்தாழத் தெளிவு, சூடு குறைவு. கறுப்பாக இருந்தால்தான் சூட்டை மறிக்கும் என்பது கடைப் பேச்சு. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மற்றப் பாதியும் உள்ளே உறிஞ்சப்பட்டால் சூடுதான், ஆகவே அதிலும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம்? பயப்படாமல் கொடுக்கலாம். ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; நல்ல வெயில் ஒரு இலட்சம் லக்ஸ் அளவில் வரும். மேசையில் எழுத 300 முதல் 500 லக்ஸ் போதும். பத்தில் ஒன்பது பங்கை மறித்தாலும் யன்னலோரத்தில் தேவைக்கு மேலேயே இருக்கும். கண் இதைச் சரியாகக் கணக்கிடாது. பாதியைக் குறைத்தால் கொஞ்சம் குறைந்தது என்றுதான் சொல்லும். இரண்டு படை போட்டால் கழிக்கக் கூடாது, பெருக்க வேண்டும். பாதி விடுகிற ஸ்டிக்கரும் பாதி விடுகிற சீலையும் சேர்ந்தால் கால்வாசி வரும்.

நாலாம்மாடி

அப்படியானால் என் தடித்த சீலை அளவுக்கு மேல் மறிக்கிறது, நெட் சீலை போதாது, நடுவில் ஒன்று வேண்டும். வெளியே மறிப்பது நல்லது என்றால் பல்கனியில் மூங்கில் தட்டி தொங்கவிடலாமா? நிர்வாகக் குழு வெளித்தோற்றத்தை மாற்ற விடாது, பல்கனிக்கு உள்பக்கம் என்றால் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கண்ணாடிக்கடை

யன்னலுக்கு முன்னால் பல்கனி இருக்கிறது என்று முதலே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதத் தேவையில்லை அக்கா! தட்டிதான் சரி. கண்ணாடிக்கு வெளியே நிற்கும், இடுக்கால் வெளிச்சமும் காற்றும் வரும், சூடானாலும் அந்தச் சூடு வெளியிலேயே போய்விடும். இரண்டு விஷயம். மே மாதம் தென்மேல் காற்றுத் தொடங்கினால் தட்டி அடித்துக்கொண்டே இருக்கும், கீழேயும் இரண்டு கொளுக்கி போடுங்கள். கொளுக்கி துருப்பிடிக்காததாக இருக்கட்டும், அந்த உப்புக் காற்றில் சாதாரண இரும்பு நிற்காது.

தையல்மெசின்

இரவுக்கு உள்ளே என் வெள்ளை லைனிங் சீலை. லைனிங் வெள்ளை வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். அளவு எடுக்கும்போது யன்னலின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுங்கள், மடிப்பு விழுந்தால்தான் மறைவு. நெட் சீலையைக் கழற்றிவிடாதீர்கள், பகலில் தட்டி சுருட்டியிருக்கும்போது அது வேண்டும்.

ஓட்டோ93

நல்ல இழை. என் ஓட்டோவின் பக்கப் படங்கில் இருக்கிற தெளிவுப் பிளாஸ்ரிக் மஞ்சளாகி மங்கிவிட்டது, மழைக்கு இறக்கினால் பின்னால் இருப்பவருக்கு இறங்குகிற இடம் தெரிவதில்லை. பற்பசை போட்டுத் தேய்த்தால் தெளியும் என்கிறார்கள், உண்மையா?

பௌதிகம் சேர்

மேற்பரப்புக் கீறலால் வந்த மங்கல் என்றால் பற்பசை கொஞ்சம் குறைக்கும், பள்ளங்களின் ஓரத்தைத் தேய்த்துவிடும். மஞ்சள் போகாது. அது வெயிலின் ஊதாக்கடந்த கதிரால் பிளாஸ்ரிக்கின் உள்ளேயே வந்த மாற்றம். மாற்றத்தான் வேண்டும்.

மட்டுறுத்துநர்

ஓட்டோ93, படங்கு எங்கே மலிவாகத் தைக்கலாம் என்ற அடுத்த கேள்வியை வாகனப் பகுதியில் தனி இழையாகத் தொடங்குங்கள். தட்டி வாங்கும் இடம் தெரிந்தவர்கள் நாலாம்மாடிக்கு இங்கேயே எழுதலாம், விலை மட்டும் இந்த மாத விலையாக இருக்கட்டும்.